கொல்லைக்கு வர்ற குருவி, அணில், கீரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீடு பட்டுக்கோட்டை பக்கம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க கொல்லையில இருந்த ஏழு தென்னையும் சாஞ்சுது, தெருவுல இருந்த பெரிய மாமரம், வேப்பமரம் எல்லாம் போச்சு. மறுநாள் காலையில பாத்தா துணி துவைக்கற கல்லு மேல நாலு அணில் நனைஞ்சுபோய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காந்திருக்கு, போறதுக்கு மரமே இல்ல. அன்னைக்கு ஒரு மண் தட்டுல தண்ணியும் கொஞ்சம் நொய்யும் வெச்சேன், அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம். இப்ப தெருவுல, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல, ஸ்கூல் வாசல்லன்னு எங்க போனாலும் இதே சந்தேகங்களத்தான் கேக்கறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கேள்விகள கேட்டவங்க வார்த்தையிலயே போட்டிருக்கேன்.

அக்கா, எங்க வீட்டுக்கும் குருவி எல்லாம் வரணும், முதல்ல என்ன வாங்கணும்?

பூந்தொட்டிக்கு அடியில வைக்கற மண் தட்டு ஒண்ணு போதும். அதுல ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு தண்ணி ஊத்தி நடுவுல ஒரு கல்ல போட்டு வைங்க. ஆழம் அதிகமா இருந்தா சின்னக் குருவி இறங்காது. பிளாஸ்டிக், எவர்சில்வர் எல்லாம் வழுக்கும், வெயில்ல சூடாயிடும், மண்ணுதான் சொரசொரப்பா கால் பிடிமானமா இருக்கும், தண்ணியும் ஜில்லுனு இருக்கும். சாப்பாடு வைக்காட்டியும் பரவாயில்ல, சித்திரை வைகாசியில தண்ணி வெச்சாலே வர்றதெல்லாம் வரும்.

வைக்கற இடம் முக்கியம். செடிக்கு ரொம்ப ஒட்டி வெச்சா பூனை பதுங்கியிருந்து பாயும், சுத்தி ஒண்ணுமே இல்லாத வெட்டவெளியில வெச்சா குருவி பயந்து வராது. ஆறேழு அடி தள்ளி ஒரு செம்பருத்தியோ மருதாணியோ இருக்கற மாதிரி வெச்சா பறந்து போய் ஒளியவும் முடியும், பூனை வர்றதும் தெரியும். ஒரு வாரம் யாரும் வரலன்னா இடத்த மாத்தாதீங்க, அதுங்க பாத்துக்கிட்டேதான் இருக்கும், எங்க தட்டுக்கு முதல்ல தவிட்டுக்குருவி வர ஒன்பது நாள் ஆச்சு.

தண்ணி வெச்சா கொசு வராதா? டெங்குன்னு பயமா இருக்கே.

நியாயமான பயம்தான். டெங்கு கொசு முட்டை கொசுவாக ஏழிலேர்ந்து பத்து நாள் வரைக்கும் ஆகும், அதனால தினமும் தண்ணிய கொட்டிட்டு புதுசா ஊத்தினா அங்க கொசு வளரவே முடியாது. ஆனா வெறுமனே கொட்டினா மட்டும் பத்தாது, அந்தக் கொசு தண்ணி விளிம்புக்கு மேல தட்டோட சுவத்துல முட்டைய ஒட்டி வைக்கும், அது காஞ்சாலும் சாகாம கிடந்து அடுத்து தண்ணி பட்டதும் பொரியும். வாரம் ரெண்டு தடவை தேங்கா நார் வெச்சு விளிம்ப நல்லா தேய்ங்க, எச்சமும் போயிடும்.

சரி, சாப்பாடு என்ன போடலாம்?

கம்பு, தினை, நொய்யரிசி, இதெல்லாம் குருவி, புறா, சில்லைங்கற குட்டிப் பறவைக்கு. பச்சை வேர்க்கடலை அணிலுக்கும் கிளிக்கும், ஆனா வறுத்தது, உப்பு போட்டது கூடாது, கடலையில லேசா பூஞ்சை வாடை வந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க, அந்தப் பூஞ்சை விஷம் கல்லீரல அரிச்சிடும். பழுத்த கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் பிடிக்கும்.

தேன்சிட்டுக்கு சர்க்கரைத் தண்ணி வைக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. வேண்டாம், நம்ம ஊர் வெயில்ல அது அரை நாள்ல புளிச்சிடும். ஒரு இட்லிப்பூ செடியோ செம்பருத்தியோ வெச்சா வருஷம் பூரா வரும். முருங்கை பூக்கற நேரம் வந்து பாருங்க, மரம் முழுக்க கீச் கீச்சுனு இருக்கும். கறிவேப்பிலை மரத்த உயரமா வளரவிட்டு பழுக்க விட்டா அந்தக் கருப்புப் பழத்துக்கு குயில் அடிச்சிக்கிட்டு வரும்.

பச்சரிசி தின்னா குருவி வயிறு உப்பி வெடிச்சிடும்னு வாட்ஸப்ல வந்துச்சே?

பொய். வயல்ல நெல்லு தின்னே வாழற சாதி அது. தைரியமா போடுங்க.

மிச்சமான சாதம், இட்லி, பிரட், மிக்சர் போடலாமா? அமாவாசைக்கு காக்காவுக்கு வைக்கறோமே.

வெறும் சாதம் கொஞ்சம் வைக்கலாம். கணுப்பொங்கல் அன்னைக்கு மஞ்சள் இலையில காக்கா பிடி கணுப்பிடி வைக்கறோம், அமாவாசை படையல் வைக்கறோம், அதெல்லாம் நம்ம வீட்டுப் பழக்கம், விடவே வேண்டாம். உப்பும் மசாலாவும்தான் பிரச்சனை. சின்ன உடம்புக்கு உப்ப வெளியேத்தற சக்தி கம்மி, நமக்கு ஒரு பிடி மிக்சர்னா அதுக்கு அது பெரிய சுமை. அதனால குழம்பு ஊத்தறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சிடுங்க. பிரட்டும் பிஸ்கட்டும் வயித்த நிரப்புமே தவிர சத்து கிடையாது, குஞ்சு வளர்க்கற காலத்துல அத ஊட்டினா குஞ்சு சவலையாயிடும். பால் எந்தப் பறவைக்கும் வேண்டாம், செரிக்காது.

எவ்வளவு போடணும்? நான் ஒரு கிண்ணம் நிறைய கொட்டி வெச்சிட்டு ஆபீஸ் போயிடறேன்.

அதுதான் நானும் பண்ணின தப்பு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஆரம்பத்துல காலையில அரைப்படி நொய் கொட்டிட்டு போயிடுவேன், சாயங்காலம் பாத்தா பாதி சிதறிக் கிடக்கும், மழை பட்டு புளிச்ச வாடை அடிக்கும். ரெண்டே மாசத்துல எலி வளை வந்துடுச்சு, தொட்டி ஓரத்துல ஒண்ணு, பாத்ரூம் பின்னாடி ஒண்ணு. எலி வந்த மறுமாசம் சாரைப்பாம்பு வந்துச்சு. தப்பு பாம்பு மேல இல்ல, விருந்து வெச்சதே நான்தான்.

இப்ப காலையில ஆறரைக்கு ரெண்டு கை, அவ்வளவுதான், கால் மணி நேரத்துல காலியாகற அளவு. மிச்சம் கிடந்தா மறுநாள் குறைச்சுடுவேன். தரையில கொட்டாம அகலமான தட்டுல வெச்சு எட்டு மணிக்கு தட்ட எடுத்து கழுவி கவுத்திடுவேன். ஒரே தட்டுல நாள் கணக்கா எல்லாம் வந்து எச்சம் போட்டு தின்னா ஒண்ணுக்கு வந்த நோய் எல்லாத்துக்கும் தொத்தும். ஒரு குருவி இறகு சிலுப்பிக்கிட்டு கண்ணு பாதி மூடி பக்கத்துல போனாலும் பறக்காம இருந்தா ரெண்டு வாரத்துக்கு தீனிய சுத்தமா நிறுத்திடுங்க, கூட்டம் கலைஞ்சு போகட்டும். பிளீச்சிங் லிக்விட் ஒரு பங்கு, தண்ணி ஒன்பது பங்கு கலந்து தட்ட ஊற வெச்சு நல்லா அலசி வெயில்ல காய வைங்க. காக்கா நாலஞ்சு ஒரே நாள்ல செத்துக் கிடந்தா கையால தொடாம கால்நடை ஆஸ்பத்திரிக்கு தகவல் சொல்லுங்க.

எலிக்கு மருந்து மட்டும் வெச்சிடாதீங்க. அத தின்னு தள்ளாடற எலிய கூகையோ ஆந்தையோ தூக்கிட்டு போனா அதுவும் சாகும், எலிய பிடிக்கற ஆளயே நாம கொன்ன மாதிரி ஆயிடும்.

அப்ப தீனி வெச்சா பாம்பு வரும்னு எங்க மாமியார் சொல்றது நிஜம்தானா?

மேல சொன்ன மாதிரி சிதறின தீனிக்கு எலி வரும், எலிக்கு பாம்பு வரும், அந்த வகையில அவங்க சொல்றது சரிதான். சிதறல் இல்லாம பாத்துக்கிட்டு, செங்கல் குவியல், விறகுக் கட்டு, ஓலை மட்டை இதெல்லாம் வீட்ட ஒட்டி அடுக்காம இருந்தா பெரும்பாலும் வராது. நம்ம ஊர்ல அதிகமா உயிர் போறது நாலு பாம்பாலதான், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். சாரைக்கு விஷமே கிடையாது, ஆனா பாத்ததும் தெரியாதவங்க கிட்ட போய் ஆராய்ச்சி பண்ணவே வேண்டாம். கொல்லையில போனா போகட்டும், வீட்டுக்குள்ள வந்துட்டா 101க்கு போன் பண்ணுங்க, தீயணைப்பு வண்டியில ஆளு வந்து பிடிச்சிட்டு போவாங்க. கடிச்சா கட்டுப்போடறது, கீறி விடறது, பச்சிலை எதுவும் வேண்டாம், கடிபட்ட கைய காலை அசைக்காம வெச்சு நேரா அரசு ஆஸ்பத்திரி. அங்க குடுக்கற விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்துல பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இருளர் மக்கள் 1978லேர்ந்து நடத்தற கூட்டுறவு சங்கத்துலேர்ந்துதான் போகுது.

பாம்புக்கு பால் வைக்காதீங்க. அது பால் குடிக்கற பிராணி இல்ல.

நாங்க லீவுக்கு ஊருக்கு போயிட்டா அதெல்லாம் பட்டினி கிடக்குமே?

கிடக்காது. நம்ம தட்டு அதுங்களுக்கு ஒரு நொறுக்குத்தீனி மாதிரி, மீதி சாப்பாட்ட அதுங்களே தேடிக்கும். கோடையில மட்டும் பக்கத்து வீட்ல சொல்லி தண்ணி ஊத்தச் சொல்லிட்டு போங்க.

எங்க வீட்டுக்கு காக்காவும் மைனாவும் மட்டும்தான் வருது, மத்ததெல்லாம் விரட்டி விட்டுடுது.

சாதமும் இட்லியும் வெச்சா காக்காதான் வரும். சின்ன தானியமா மாத்துங்க, தினைய செடி நிழல்ல ஒரு தட்டுல கொஞ்சமா வெச்சா சில்லையும் குருவியும் இறங்கும், காக்காவுக்கு அங்க வசதிப்படாது. காக்காவுக்கு தனியா மொட்டைமாடியில ஒரு இடம் வெச்சிடுங்க. அத வெறுக்காதீங்க, செத்த எலி, அழுகினது எல்லாத்தையும் சுத்தம் பண்றது அதுதான், குயில் முட்டைய அடைகாத்து வளர்க்கறதும் அதுதான்.

சிட்டுக்குருவி மட்டும் வரவே மாட்டேங்குது. செல்போன் டவர்னாலயா?

டவர்னாலதான்னு உறுதியா யாரும் நிரூபிக்கல. கண்ணு முன்னாடி நடந்தத பாருங்க. ஓட்டு வீடு போச்சு, உத்தரத்துல இருந்த சந்து போச்சு, மளிகைக்கடை வாசல்ல சிந்திக் கிடந்த தானியம் பாக்கெட்டுக்குள்ள போச்சு, தோட்டத்துல மருந்தடிச்சு புழு போச்சு. சிட்டுக்குருவி தானியம் தின்னாலும் பொரிச்ச குஞ்சுக்கு புழு பூச்சிதான் ஊட்டும். புழு இல்லாத தோட்டத்துல நீங்க மூட்டை மூட்டையா கம்பு கொட்டினாலும் குஞ்சு பிழைக்காது.

மரப்பெட்டி வெச்சு பாருங்க, ஓட்டை ஒண்ணேகால் இன்ச், அதுக்கு மேல போனா மைனா உள்ள தலைய விடும். எட்டு பத்து அடி உயரத்துல, மேற்கு வெயில் அடிக்காத சுவத்துல, ஃபேன் இருக்கற ரூமுக்கு வெளியில மாட்டுங்க, ஓடற ஃபேன்ல அடிபட்டு சாகற குருவி ரொம்ப. அந்தக் காலத்துல அறுவடை முடிஞ்சதும் நெற்கதிர பின்னி வாசல் தாழ்வாரத்துல தொங்க விடுவாங்க, குருவி வந்து கொத்திக்கிட்டு போகும். எங்க அப்பாயி பின்னின கதிர்க் கொத்து ஒண்ணு உமியும் வைக்கோலுமா இன்னும் பரண்ல கிடக்கு. போன வருஷம் நானே ஒண்ணு பின்னி மாட்டினேன், கோணலாத்தான் வந்துச்சு, ஆனா ரெண்டு ஜோடி வந்துச்சு.

பைக் கண்ணாடிய ஒரு குருவி கொத்திக்கிட்டே இருக்கு, அதுக்கு பைத்தியமா?

இல்லங்க. தேன்சிட்டு ஆணா இருக்கும், கூடு கட்டற நேரத்துல தன்னோட உருவத்த வேற ஆண்னு நெனச்சு சண்டை போடுது, நாள் பூரா சண்டை போட்டு ஓஞ்சு போயிடும். கண்ணாடி மேல பழைய சாக்ஸ மாட்டி விட்டுடுங்க, தீந்துது.

அணில் குட்டி கீழ விழுந்து கிடக்கு, பால் குடுக்கலாமா?

குடுக்காதீங்க. இத எழுதறப்ப இன்னைக்கும் எனக்கு மனசு கனக்குது. புயலுக்கு அடுத்த வருஷம் கண்ணு திறக்காத குட்டி ஒண்ணு விழுந்துச்சு, கட்டை விரல் அளவுதான், முதுகுல மூணு கோடு மட்டும் பென்சில்ல போட்ட மாதிரி தெரிஞ்சுது. பசும்பால் காய்ச்சி ஆறவெச்சு இங்க் ஃபில்லர்ல ஊட்டினேன், ஆசையா குடிச்சுது. மறுநாள் வயித்தால போச்சு, மூக்கு வழியா பால் வந்துச்சு, ராத்திரிக்குள்ள போயிடுச்சு. பசும்பால் அதுக்கு சேராது, அதுவும் ஃபில்லர்ல அமுக்கினா நுரையீரலுக்கு போயிடும்னு அப்புறம்தான் ஒரு மாட்டு டாக்டர் சொன்னாரு.

பண்ண வேண்டியது இதுதான். முதல்ல உடம்ப சூடா வைக்கணும், சின்ன அட்டைப்பெட்டியில பழைய காட்டன் துணி, அடியில துணி சுத்தின வெந்நீர் பாட்டில். பெட்டிய திறந்தபடியே விழுந்த மரத்தடியில கொஞ்சம் உயரத்துல வெச்சிட்டு நீங்க தள்ளிப் போய் பூனை, காக்கா வராம பாத்துக்கிட்டு இருங்க. தாய் அணில் வாயில கவ்வி தூக்கிட்டு போயிடும், நாலு தடவை என் கண்ணால பாத்துட்டேன். மனுஷன் கை பட்டா தாய் சேத்துக்காதுங்கறது கட்டுக்கதை. ரெண்டு மணி நேரத்துல வரலன்னாலோ ரத்தக்காயம் இருந்தாலோ கால்நடை டாக்டர்கிட்டயோ வனத்துறை ஆபீஸ்லயோ குடுங்க.

குருவிக் குஞ்சு தரையில தத்தித் தத்திப் போகுது, எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப என்ன பண்றது?

இறகு முளைச்சு தத்தற குஞ்சுன்னா அது பறக்கப் பழகுது, நீங்க எடுத்துட்டு வந்தது தாய்கிட்டேர்ந்து பிரிச்ச மாதிரி. எடுத்த இடத்துலயே ஒரு செடி மேல வெச்சிட்டு வாங்க, தாய் குரல் குடுத்து வந்து ஊட்டும். இறகே இல்லாத குஞ்சுன்னா கூட்ட தேடி திரும்ப வைங்க. கூடு கலைஞ்சிருந்தா சின்ன மூங்கில் கூடையில தேங்கா நார் போட்டு அதே கிளையில கட்டி விடலாம். தண்ணிய வாயில ஊத்தாதீங்க, அணில் குட்டிக்கு சொன்ன அதே காரணம்தான்.

ராத்திரியில ஓட்டு மேல தடதடன்னு சத்தம், அதோட பாஸ்மதி அரிசி வேகற வாசம் வேற வருது. பேயான்னு பசங்க பயப்படறாங்க.

அது மரநாய். நாய் இல்ல, புனுகுப்பூனை வகை. அதோட வால் பக்கத்து சுரப்பியிலேர்ந்து வர்ற வாசம்தான் அது, பாஸ்மதியில இருக்கற அதே பொருள்தான் அதுலயும் இருக்கு. எனக்கு முதல் தடவை அந்த வாசம் வந்தப்ப நடுராத்திரி யாரு வீட்ல சோறு வடிக்கறாங்கன்னு ஜன்னல திறந்தேன், கொய்யா மரத்துல ரெண்டு கண்ணு டார்ச் வெளிச்சத்துல பளபளன்னு நின்னுச்சு. பழம் தின்னும், எலியும் பிடிக்கும், மனுஷன பாத்தா ஓடிடும்.

தீனி வைக்காதீங்க, அதுவா கொய்யா சப்போட்டா தின்னுட்டு போகட்டும். பரண்ல குட்டி போட்டிருந்தா கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க, குட்டிகளோட வெளியேறினதும் சந்த அடைங்க. உள்ள குட்டி இருக்கறப்ப அடைச்சா அங்கயே செத்துடும்.

குரங்கு வந்தா ஆஞ்சநேயர் வந்த மாதிரின்னு பழம் குடுக்கறோம், அது தப்பா? மயிலுக்கு?

உங்க பக்திய குறை சொல்லல, ஆனா குடுக்காதீங்க. ஒரு தடவை கையில வாங்கின குரங்கு அடுத்த தடவை பைய பிடுங்கும், அதுக்கடுத்து சமையக்கட்டுக்குள்ள வரும். குடுத்தவருக்கு புண்ணியம், கடி வாங்கறது பக்கத்து வீட்டு குழந்தை. கடைசியில எல்லாரும் புகார் குடுத்து கூண்டுல பிடிச்சு எங்கயோ கொண்டு போய் விடுவாங்க, குடும்பம் பிரிஞ்சு போகும். மயிலும் அப்படித்தான், தேசியப் பறவைன்னு ஆசையா தீனி வெச்சு ஒரு தெருவுக்கு பழக்கினா, மீதி நேரம் பக்கத்து விவசாயி நாத்தாங்கால்ல நிக்கும், ஆத்திரத்துல அங்க விஷம் வெச்சிடறாங்க.

குரங்கோ கீரியோ கடிச்சா, நகம் கீறினாக்கூட, ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க, வெறிநாய்க்கடி ஊசி தேவைப்படும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்பாதீங்க.

கிளி கூட்டமா வருதே, ஒண்ணே ஒண்ணு பிடிச்சு கூண்டுல வளர்த்தா என்ன?

1972ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்க்கறது குற்றம். சட்டத்த விடுங்க, கூண்டுக்குள்ள அது வாழ்நாள் பூரா உக்காந்திருக்கணும். உங்க மரத்துக்கு தினம் வர்ற கிளி உங்க கிளிதான்.

கையில வந்து வாங்கித் தின்னற மாதிரி அணில பழக்கலாமா? வீடியோவுல எல்லாம் பண்றாங்களே.

எனக்கும் அந்த ஆசை இருந்துச்சு, ஒரு அணில் என் கால் விரல் வரைக்கும் வந்துடும். ஒரு நாள் அதே அணில் பக்கத்து வீட்டுப் பையன்கிட்டயும் அப்படியே போய் நின்னுச்சு, அவன் கையில கவட்டை. அன்னையோட நிறுத்திட்டேன். நம்மகிட்ட பயம் போனா நம்மகிட்ட மட்டும் போறதில்ல, எல்லா மனுஷங்ககிட்டயும், சில சமயம் பூனைகிட்டயும் போயிடுது. தட்ட வெச்சிட்டு பத்தடி தள்ளி வந்துடுங்க, அது கடலைய ரெண்டு கையாலயும் பிடிச்சு உருட்டி உருட்டி தோல மட்டும் சுருள் சுருளா உரிச்சு போடறத பத்தடியிலேர்ந்தே பாக்கலாம்.

சும்மா உக்காந்து பாக்கறதுல என்னக்கா இருக்கு? எனக்கு ஒண்ணும் புரியல.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கோங்க. தேதி, நேரம், என்ன வந்துச்சு, எத்தனை, என்ன பண்ணுச்சு, அஞ்சு வரி போதும். பேரு தெரியலன்னா தலை நிறம், வாலு நீளம், நடக்குதா தத்துதான்னு எழுதுங்க, பேரு அப்புறமா கிடைக்கும். பளிச்சுனு சட்டை வேண்டாம், அதே இடத்துல அதே நேரத்துல உக்காருங்க, ஒரு வாரத்துல உங்கள ஒரு தூண் மாதிரி நெனச்சுக்கும். பொங்கல் லீவுல நடக்கற பறவை கணக்கெடுப்புல நீங்களும் சேரலாம், வீட்டுத் தோட்டத்துலயே 15 நிமிஷம் பாத்து பறவைப் பதிவு போடற ஈபேர்ட் ஆப்ல ஏத்தினா அதுவும் கணக்குல சேரும்.

என் நோட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம் ஒண்ணு இருக்கு. தவிட்டுக்குருவி எப்பவும் ஆறேழா வரும், ஒண்ணு மேல கிளையில காவல் நிக்கும், மீதி குளிக்கும், அப்புறம் காவல் மாறும். ஒரு ஐப்பசி காலையில அந்தக் கூட்டத்துல ஒரு குஞ்சு வந்துச்சு, தவிட்டு நிறமே இல்ல, கருப்பும் வெள்ளையுமா, தலையில சின்னதா கொண்டை. சுடலைக்குயில் குஞ்சு. தவிட்டுக்குருவி கூட்டுல அதோட தாய் முட்டைய போட்டுட்டு போயிருக்கு. இதுங்க ஆறும் மாத்தி மாத்தி புழு கொண்டாந்து ஊட்டுதுங்க, அது வாயத் திறந்துக்கிட்டே நிக்குது, ஒரு குருவி ஊட்டி முடிச்சிட்டு அதோட நனைஞ்ச முதுகு இறக கோதியும் விடுது. பதினோரு நாள் வந்துச்சு. பன்னெண்டாம் நாள் குயில் குஞ்சு வரல, ஆறு தவிட்டுக்குருவியும் வந்து வழக்கம் போல குளிச்சிட்டு போச்சு.